பதினைந்து வயதுக்கு ஒரு கட்டில்

தர்ஷினி இடது கையால் இடுப்பில் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தாள். விட்டால் நழுவிவிடும்.

மருத்துவமனை கொடுத்த பச்சைத் துணி, பெரியவர்கள் அளவு. மனநல வார்டுக்குள் கயிறு, நாடா, ஊக்கு எதுவும் கூடாது என்பதால் கால்சட்டையின் நாடாவை உருவிவிட்டிருந்தார்கள். நியாயமான விதிதான். எழுதியவர்கள் வளர்ந்த பெண்களின் இடுப்பை நினைத்து எழுதியிருக்கிறார்கள், அவ்வளவே. என் தம்பி மகளுக்கு அப்போது பதினைந்து வயது, அதிலும் ஒல்லிக்குச்சி.

பார்வையாளர் மேசையில் டப்பாக்களைத் திறந்து வைத்தேன். சோறு, ரசம், அவளுக்குப் பிடித்த உருளைக்கிழங்குப் பிரட்டல். அறையில் கிருமிநாசினி வாசனையும் பத்து வீட்டுக் குழம்பு வாசனையும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்தன.

"அத்தை வந்திருக்கேன்மா," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். யாரென்று தெரிந்த பார்வைதான். உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், கையைக் கழுவினாள். ஒரு வார்த்தை வரவில்லை. அவள் பேசிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

போன வாரம் இந்தப் பத்தியில், ஓய்வூதிய அலுவலகத்தில் நான் வரிசையில் நின்ற கதையைப் படித்துவிட்டு, "உங்களுக்கு எப்போதும் அரசாங்கத்தைக் கிண்டல் செய்வதே வேலை" என்று காஜாங் வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டார். ஐயா, நானும் அரசாங்கம்தான். தலை நரைக்கும்வரை மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவள். சொந்த வீட்டின் ஒழுகலைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

யார் குழந்தை?

நம் நாட்டில் ஒருவர் குழந்தையா இல்லையா என்பது அவர் எந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. சட்டத்தின் கதவு என்றால் பதினெட்டு வரை குழந்தை. ரயில் நிலையம் என்றால் அதற்கு வெகு முன்பே பெரியவர். திரையரங்குக்கு ஒரு கணக்கு, மோட்டார் சைக்கிளுக்கு ஒரு கணக்கு.

நான் வேலை பார்த்த மருத்துவமனையிலும் சரி, தர்ஷினி இருந்த இந்த இன்னொரு மருத்துவமனையிலும் சரி, குழந்தைகள் வார்டு பன்னிரண்டு வயதோடு முடிந்துவிடும். பதின்மூன்றாவது பிறந்தநாள் கேக்கை வெட்டியதும் நீங்கள் பெரியவர். கால் உடைந்தால் பெரியவர்களோடு படுக்கலாம், பரவாயில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் குறட்டை விடுவார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. மனம் உடைந்தால்தான் சிக்கல்.

ஒரு காலத்தில் இதைப் பேச ஒரு கூட்டம் நடந்தது. எங்கள் கட்டில்கள் சின்னவை, கதவுகளுக்குப் பூட்டும் இல்லை என்றார்கள் குழந்தைகள் பிரிவினர். எங்கள் வார்டு சிறுவர்களுக்கான இடமல்ல என்றார்கள் மனநலப் பிரிவினர். இரண்டு பக்கமும் உண்மையைச் சொன்னதால் கூட்டம் அங்கேயே நின்றுவிட்டது. கறிபாப் வந்தது, சாப்பிட்டோம். அடுத்த கூட்டத்தில் தொடரலாம் என்றார் தலைவர். அடுத்த கூட்டத்தை லிஃப்ட் பழுது விழுங்கிவிட்டது.

பதின்ம வயதினருக்கென்று தனி மனநல வார்டு இல்லாமலில்லை. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் தள்ளி, வேறொரு மருத்துவமனையில் இருந்தது. கட்டில்களைவிடப் பிள்ளைகள் அதிகம். "வரிசையில் பெயரைப் போட்டிருக்கிறோம், மேடம்," என்றார் தர்ஷினியின் டாக்டர். இளைஞர், களைத்த கண்கள். அந்த வாக்கியத்தை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! எதிர்ப்பக்கம் நின்று கேட்கும்போது அதில் ஒன்றுமே இல்லை என்பது தெரிகிறது.

வாயாடி

தர்ஷினி பிறவி ஊமைபோல் இருந்தவள் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

என் தம்பி துறைமுகத்திலிருந்து லோரி ஓட்டுபவன். அவன் மனைவி லெட்சுமிக்குச் சுங்கை வே தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வீடு கிள்ளானில். யார் எப்போது வீட்டில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆரம்பப் பள்ளி முழுக்க, வார நாள்களில் தர்ஷினி பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டில்தான் வளர்ந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கான நடைமுறை மட்டும் எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மோனோரயில் போகும். ‘அடுத்த நிலையம்’ என்று மலாயில் வரும் அந்த அறிவிப்புக் குரலைத் தர்ஷினி அப்படியே பேசுவாள். நான் குளித்துக்கொண்டிருப்பேன், கதவுக்கு வெளியே நின்று, "ஸ்தேசென் பெரிகுத்ஞா... அத்தை முதுகு தேய்க்கிறாங்க," என்பாள். தட்டில் கத்தரிக்காய் வைத்தால், "இந்த ரயில் இங்க நிக்காது" என்று தட்டை நகர்த்துவாள். தூக்கத்தில்கூட முணுமுணுப்பாள். சில நாள் ஆபீஸிலிருந்து தலைவலியோடு வருவேன். "கொஞ்சம் வாயை மூடுறியா தாயே?" என்று கும்பிட்டிருக்கிறேன்.

"அத்தை"தான் அவளுடைய எல்லா வாக்கியங்களின் முதல் வார்த்தை. "அத்தை, மேகத்துக்கு எடை இருக்கா? அத்தை, நீங்க செத்தா உங்க கண்ணாடி எனக்கா?"

இடைநிலைப் பள்ளிக்குக் கிள்ளானுக்கே போய்விட்டாள். படிவம் மூன்று வகுப்பில் இருக்கும்போது தூக்கம் போயிற்று, பிறகு பள்ளிக்கூடம், பிறகு பேச்சு. அறை மூலையில் யாரோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டார் முதலில் கோயிலுக்குப் போனார்கள், பிறகு கோயிலுக்கு அடுத்த சந்தில் மந்திரிப்பவரிடம் போனார்கள், பிறகு எனக்குச் சொன்னார்கள். அந்த வாரமே ஒரு காலையில் அவள் செருப்பில்லாமல் வெளியே போய், பெரிய சாலையில் லோரிகளுக்கு நடுவே நின்றிருந்தாள். வண்டியை நிறுத்தி இறங்கிக் கைபிடித்து ஓரத்துக்குக் கொண்டுவந்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. அவர் நன்றாக இருக்கட்டும்.

அன்று மாலையே வார்டு. பெண்கள் வார்டு. பெரிய பெண்கள்.

கேரி தீவுப் பெண்மணி

இரண்டாம் வாரம் நான் டப்பாவைத் திறந்தபோது பக்கத்து மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ரசத்துல பூண்டு பத்தல டீச்சர். வாசனையே சொல்லுது."

திரும்பிப் பார்த்தால் ஒரு சீனப் பெண்மணி. அறுபது வயது இருக்கும். குட்டையாக வெட்டிய நரைமுடி. பார்க்க வந்தவர் யாரும் இல்லை, ஆனாலும் பார்வையாளர் நேரத்தில் தவறாமல் வந்து உட்கார்ந்து எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் மேற்பார்வை செய்வார்.

"நான் டீச்சர் இல்லை," என்றேன்.

"மூஞ்சி டீச்சர் மூஞ்சிதான்லா. எனக்கு என்னா, நீங்க டீச்சர்தான்."

அவர் பெயர் ஆ மோய். கேரி தீவுத் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில் அவருடைய தமிழ் என் தமிழைவிடச் சரளம். உடல்நிலை தேறிவிட்டது. அழைத்துப் போக ஆள் வராததால் இருந்தார். அப்படிச் சிலர் எல்லா வார்டிலும் உண்டு.

வார்டின் சாப்பாட்டு மேசையில் ‘தாம்’ என்ற கட்டக்காய் ஆட்டம் விளையாடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அட்டையில் கட்டம் போட்டு, தண்ணீர்ப் போத்தல் மூடிகளைக் காயாக வைத்திருந்தார். நீல மூடி ஒருவருக்கு, வெள்ளை மூடி ஒருவருக்கு. தர்ஷினியை எதிரில் உட்கார வைத்துக்கொள்வார். பேசாத ஆளோடு விளையாடுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும் ஸ்டாஃப் நர்ஸ் கோமதி ஓடி வந்தார். "ஆன்டி, பேசிட்டா! உங்க பொண்ணு பேசிட்டா!"

"என்ன பேசினா?"

"ஆ மோய் ரெண்டு காயை ஒரே தடவையில நகத்தியிருக்காங்க. 'ஆன்டி, ஏமாத்துறீங்க'ன்னு சொன்னா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

நான் போய்த் தர்ஷினியின் எதிரில் உட்கார்ந்தேன். முகத்தில் ஏதோ ஒரு விளக்கு போட்டது போலிருந்தது. "என்கிட்டயும் ஒண்ணு சொல்லேன்," என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆ மோய் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவசரப்படாதீங்க டீச்சர். எங்கிட்டயே திட்டுறதுக்கு மட்டும்தான் வாயைத் தொறக்குது."

அன்று ரயிலில் வீடு திரும்பும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசை. பாதி உண்மை. மீதிப் பாதியில், வளர்த்தவள் நானிருக்க, மூடி நகர்த்திய ஒருவருக்கு அந்தப் பேச்சு கிடைத்துவிட்டதே என்று வயிறு எரிந்தது.

கட்டில் கேட்கும் முறை

ஆ மோயைச் சொல்லிவிட்டு அந்த வார்டை நந்தவனமாக்கிவிடக் கூடாது.

எதிர்க்கட்டிலில் ஒரு பெண் பகலெல்லாம் செத்துப்போன கணவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தி தன்னைத்தானே அடித்துக்கொண்டபோது மணிக்கட்டுகளில் துணிப்பட்டை கட்டினார்கள். அதைத் தர்ஷினி கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்திருக்கிறாள். ஒரு மதியம், புதிதாக வந்திருந்த ஒருவர் அவளைத் தன் பகையாளி என்று நினைத்துக் கூந்தலைப் பிடித்து இழுத்துவிட்டார். கழுத்தில் நகக்கீறல். யார்மேலும் தப்பில்லை. நோயாளிக்கு நோய், நர்ஸுகளுக்கு இரண்டு கைகள். ஆனால் பதினைந்து வயதுப் பெண் கழுத்தில் கீறலோடு வெறிச்சென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து லெட்சுமி சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள்.

"அண்ணி, நீங்கதான் எல்லா ரூலும் தெரிஞ்சவங்களாச்சே. ஏதாச்சும் பண்ணுங்க லா."

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். கட்டில் வேண்டும் என்று கேட்டால் கிடைக்காது. எந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்று கேட்க வேண்டும். பதின்ம வயதினர் வார்டில், வார இறுதியில் பிள்ளைகளைச் சோதனை விடுப்பில் வீட்டுக்கு அனுப்புவார்கள். நன்றாக இருந்தவர்களைத் திங்கள் காலை டாக்டர் சுற்று முடிந்ததும் விடுவிப்பார்கள். சுற்று முடிவதற்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் இடையில் ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தில் தொலைபேசி அடிக்க வேண்டும். மரியாதையாக, ஒரே ஆளிடம், ஒவ்வொரு திங்களும். அனுப்பும் டாக்டரின் கடிதமும் கூடப் போகும் நர்ஸும் வண்டியும் முன்பே தயார் என்று சொல்ல வேண்டும். தயாராக இருப்பவருக்குக் கட்டில் கொடுப்பது கொடுப்பவருக்கும் சுலபம்.

அப்படித்தான் கிடைத்தது. தர்ஷினி ஆ மோயோடு முழு வாக்கியங்கள் பேச ஆரம்பித்திருந்த வாரத்தில்.

"அங்க உன் வயசுப் பிள்ளைங்க இருக்காங்க," என்றேன் அவளிடம். "பள்ளிக்கூட டீச்சர் வருவாங்க. யாரும் முடியை இழுக்க மாட்டாங்க."

அவள் ஆ மோயின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

ஆ மோய் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "போ பாப்பா. நீ போனா நான் நிம்மதியா ஏமாத்துவேன். இங்க வேற எவளுக்கும் ஆட்டமே தெரியாது." பிறகு என்னிடம், "டீச்சர், இதைக் கூட்டிட்டுப் போங்க. இது இருக்குற இடம் இல்ல. எனக்குத் தெரியாதா என்ன?" என்றார். கதவு வரை வரவில்லை. மேசையில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

இன்று கேட்டாலும் அதே தொலைபேசியைத்தான் எடுப்பேன். ஆனால் வண்டி நகர்ந்ததும் தர்ஷினி என் பக்கம் திருப்பிய முதுகு இன்னும் எனக்குத் தெரிகிறது.

வண்ணத்துப்பூச்சிச் சுவர்

புதிய வார்டில் சுவரெல்லாம் வண்ணத்துப்பூச்சிகள் வரைந்திருந்தார்கள். ஒன்று பெரியவர் என்கிறார்கள், இல்லையென்றால் ஆறு வயது என்கிறார்கள். பதினைந்துக்கு ஒரு சுவர் யாருக்கும் தோன்றவில்லை.

மற்றபடி குறை சொல்ல இடமில்லை. கால்சட்டை அளவாக இருந்தது. டாக்டர் தரையில் உட்கார்ந்து பேசினார். பக்கத்துக் கட்டில் பெண் நகத்துக்குச் சாயம் பூசக் கற்றுக்கொடுத்தாள். ஆனால் தர்ஷினியின் வாய் மறுபடி மூடிக்கொண்டது. முதல் சில வாரங்கள், நான் போகும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்தபடியே இருப்பாள்.

மருந்தும் நாளும் சேர்ந்து மெல்ல இறங்கி வேலை செய்தன. தூக்கம் வந்தது. மூலையில் இருந்தவர் போய்விட்டார். டாக்டரிடம் ஓரிரு சொல், பிறகு அம்மாவிடம். எல்லாம் காற்றுக்குரல்தான். காதை வாயருகே கொண்டுபோனால் கேட்கும். கிள்ளான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே குரல்.

என்னிடம் மட்டும் இன்னும் தலையசைப்பு. கோபமா, வெட்கமா, என்னைப் பார்த்தால் அந்த வண்டி நினைவு வருகிறதா, தெரியவில்லை. ஞாயிறுதோறும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். அருகில் உட்காருவேன். தொலைக்காட்சியில் யாரோ பேசுவார்கள். கூடத்தில் பவுடர் வாசனை, அடுப்பில் லெட்சுமி தாளிக்கும் வாசனை. நேரமானதும் எழுந்து வருவேன். வீட்டுக்கு வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லாம் சத்தம் போடுகிறது, கோயில் மணி, பேருந்து, பூக்கடைக்காரர், எதிர் பிளாக்கில் கரோக்கி. எனக்கு வேண்டிய சத்தம் ஒன்றுதான். அதற்கு எந்த அலுவலகத்தில் மனுப்போடுவதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் லெட்சுமி அழைத்தாள். "அண்ணி, இவ ஒண்ணு கேக்குறா. ஆ மோய் ஆன்டிய யாரு பாக்கப் போறாங்கன்னு கேக்குறா. தானும் போகணுமாம்."

முதல் மாடி

சனிக்கிழமை மதியம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பூண்டு தாராளமாகப் போட்ட ரசம் ஒரு டப்பாவில். அவள் மடியில் ஒரு பை, அதில் சேர்த்து வைத்த போத்தல் மூடிகள்.

வார்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் உள்ளே வர அனுமதி இல்லை. மனநல வார்டின் சூழல் சிறுவர்களைப் பாதிக்கக்கூடும் என்பதால்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். என் ஆபீஸிலிருந்து போன அறிவிப்பல்ல. போயிருந்தால் அதைவிட நன்றாகத்தான் எழுதியிருப்பேன்.

நர்ஸ் கோமதி கதவைத் திறந்து தர்ஷினியைப் பார்த்ததும் கட்டிப் பிடித்துக்கொண்டார். பிறகு முகம் மாறியது. "ஆன்டி, இவளை விட முடியாதே. சின்னப் பிள்ளை."

"இங்கதானேம்மா படுத்திருந்தா?"

"அப்போ நோயாளி, ஆன்டி. இப்போ விசிட்டர்."

அவர் சொன்னது நடைமுறைப்படி நூற்றுக்கு நூறு சரி. அதில் ஒரு ஓட்டைகூட எனக்குக் கிடைக்கவில்லை. "நீங்க மட்டும் வாங்க, நான் பையை வாங்கிக்கிறேன்," என்றார் பாவமாக. தர்ஷினி பையைக் கொடுக்கவில்லை. திரும்பிப் படியில் இறங்கினாள். நானும் டப்பாவோடு பின்னால் இறங்கினேன்.

கட்டடத்தின் பக்கவாட்டில் கார்கள் நிற்கும் இடம். வெயிலில் தார் மணத்தது. தர்ஷினி இரண்டு கார்களுக்கு நடுவே நின்று முதல் மாடியைப் பார்த்தாள். கம்பிவலை போட்ட கண்ணாடிச் சட்ட ஜன்னல்கள், வரிசையாக. எது சாப்பாட்டு மேசை ஜன்னல் என்று அவளுக்குத்தான் தெரியும்.

உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு முறை அசைந்தது. பிறகு கழுத்து நரம்பு புடைக்க வந்தது பாருங்கள்.

"ஆன்டீ! ஆ மோய் ஆன்டீ!"

உடைந்து, கரகரத்து, நடுவில் ஒரு இடத்தில் கிறீச்சிட்டு. ஆனால் முழுக் குரல். டப்பாவை ஒரு காரின் மேல் வைத்துவிட்டேன்.

மேலே கண்ணாடிச் சட்டம் திறந்தது. வலைக்குப் பின்னால் நரைமுடி.

"எவடி அது கத்துறது? பாப்பாவா?"

"நான்தான் ஆன்டி!"

"தடிச்சிட்டியே! சாப்பிடுறியா நல்லா?"

"சாப்பிடுறேன்! மூடி கொண்டாந்திருக்கேன்! உள்ள விட மாட்றாங்க!"

"விடாட்டி போ! உள்ள என்னா இருக்கு? நல்லதாப் போச்சு!" அந்தக் குரலும் சரியாக இல்லை. "தனியாவா வந்த? யாரு கூட்டிட்டு வந்தா?"

"அத்தை!" என்றாள் தர்ஷினி. வெளிச்சாலையில் ஒரு லோரி உறுமிக்கொண்டு போனது. "அத்தை கூட்டிட்டு வந்தாங்க!"

பாதுகாவலர் குடையோடு ஓடி வந்தார். "அடிக், தக் போலே, தக் போலே," என்று மலாயில், கூடாது கூடாதென அவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் குறுக்கே நின்றேன். வார்டுக்குள் சிறுவர் வரக் கூடாது, சரி. கார் நிற்கும் இடத்தில் நின்று பேசக் கூடாது என்று எந்தச் சுற்றறிக்கை சொல்கிறது என்று என் ஆபீஸ் மலாயில் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அப்படி ஒன்று கிடையாது, எனக்குத் தெரியும்.

மேலிருந்து ஆ மோய் கத்தினார். "யாரு? லோரி சத்தத்துல கேக்கலடி!"

தர்ஷினி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தமாச் சொல்லு," என்றேன்.